ஈவிஎஃப் சந்தேகங்கள்: கேமராவின் மின்னணு வ்யூஃபைண்டரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிரர்லெஸ் கேமரா வாங்கியவர்களும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. நானும் பல வருடம் டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகைக் கேமராவில்) படம் எடுத்தவன்தான். "குட்டி டிவி பார்க்கிற மாதிரி இருக்கு" என்று ஈவிஎஃப்பைக் கிண்டல் செய்துகொண்டிருந்துவிட்டு, கடைசியில் அதற்குள்ளேயே போய்ச் சேர்ந்தேன். அதனால் இரண்டு பக்கத்துப் புலம்பலும் எனக்குத் தெரியும். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

ஈவிஎஃப்னா என்ன? பின்னாடி இருக்கிற ஸ்கிரீனையே சின்னதாக்கி உள்ளே வச்சிருக்காங்க, அவ்வளவுதானே?

கிட்டத்தட்ட அவ்வளவுதான். லென்ஸ் வழியாக வரும் ஒளி நேராக சென்சாரில் விழுகிறது. சென்சார் அதை விநாடிக்கு 60 தடவையோ 120 தடவையோ படித்து பிராசசருக்கு அனுப்ப, அது ஒயிட் பேலன்ஸ், கான்ட்ராஸ்ட் எல்லாம் போட்டு அரை அங்குல அளவிலான ஒரு குட்டி எல்சிடி அல்லது ஓஎல்இடி திரைக்குத் தள்ளுகிறது. அந்தத் திரைக்கு முன்னால் பூதக்கண்ணாடி மாதிரி சில லென்ஸ்கள், அதற்கு முன்னால் உங்கள் கண்.

இதில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் பார்ப்பது கேமரா அந்தக் காட்சியை எப்படிப் புரிந்துகொண்டது என்பதை. நேர்க்காட்சியை அது சமைத்துத்தான் பரிமாறுகிறது. கீழே வரும் கேள்விகளில் பாதிக்குப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது.

அப்போ டிஎஸ்எல்ஆர்ல நாம பார்த்தது என்ன? அது நல்லாத்தானே இருந்தது, ஏன் மாத்தினாங்க?

நன்றாகத்தான் இருந்தது, யாரும் மறுக்கவில்லை. லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி ஒளியை மேலே திருப்பும், அங்கே ஃபோகசிங் ஸ்கிரீன் என்ற மங்கலான தகட்டில் பிம்பம் விழும், அதை பென்டாப்ரிசம் என்கிற கண்ணாடிக் கட்டி நிமிர்த்தி, இடவலம் சரிசெய்து கண்ணுக்குக் கொடுக்கும். மின்சாரம் வேண்டாம், தாமதம் இல்லை, கேமராவை அணைத்து வைத்துவிட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஆனால் அந்தக் கண்ணாடிக்கு உடம்புக்குள் இடம் வேண்டும், ஒவ்வொரு படத்துக்கும் அது மேலே போய் கீழே வர வேண்டும், வீடியோ எடுக்கும்போது மேலேயே நிற்க வேண்டியிருப்பதால் வ்யூஃபைண்டர் இருண்டுவிடும். கண்ணாடியை எடுத்துவிட்டால் (அதுதான் மிரர்லெஸ்) இந்தத் தொல்லைகள் போகும், கூடவே ஆப்டிகல் வ்யூஃபைண்டரும் போகும். அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் ஈவிஎஃப். 2008இல் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சின்ன சென்சார் வகையின் முதல் கேமராவாக வந்த பானசோனிக் ஜி1இல் அது 14.4 லட்சம் புள்ளிகள் கொண்டதாக இருந்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகக் காட்டும் வகைத் திரை அது, கண்ணைச் சட்டென்று திருப்பினால் ஓரங்களில் வானவில் தெரியும். ஈவிஎஃப்பைப் பற்றிய கெட்ட பேர் பாதி அந்தக் காலத்தில் சம்பாதித்தது.

பின்னாடி பெரிய ஸ்கிரீன் இருக்கே, கண்ணை வச்சுப் பார்க்க எதுக்கு ஒரு ஓட்டை?

வெயிலில் ஒருமுறை வெளியே எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள், கேள்வியை நீங்களே வாபஸ் வாங்கிவிடுவீர்கள். அது தவிர, கேமரா முகத்தில் ஒட்டி நிற்பதால் கை ஆடுவது குறைகிறது. தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் கனமான டெலி லென்ஸைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஸ்கிரீனைப் பார்த்து எடுப்பது ரொம்ப நேரம் நடக்கிற காரியமில்லை.

யாரும் சொல்லாத ஒரு லாபமும் உண்டு. நாற்பது வயதுக்கு மேல் படிக்கக் கண்ணாடி தேவைப்படுகிறவர்களுக்குப் பின் திரை மங்கலாகத்தான் தெரியும். வ்யூஃபைண்டர் ஓரத்தில் உள்ள டையாப்டர் திருகியைத் திருப்பி உங்கள் கண்ணுக்குச் சரிசெய்துகொண்டால் மெனு எழுத்துகூட உள்ளே பளிச்சென்று தெரியும், எடுத்த படத்தையும் கண்ணை எடுக்காமலே பார்த்துக்கொள்ளலாம். ஆப்டிகலில் இந்தக் கடைசி வசதி கிடையவே கிடையாது.

எடுக்கிறதுக்கு முன்னாடியே படம் எப்படி வரும்னு தெரியும்கிறாங்களே, நிஜமா?

பெரும்பாலும் நிஜம், ஈவிஎஃப்புக்கு மாறியவர்கள் திரும்பிப் போகாததற்கு முதல் காரணமும் இதுதான். ஜன்னலுக்கு முன்னால் ஒருவர் நிற்கிறார், முகம் இருட்டாக விழப்போகிறது. டிஎஸ்எல்ஆரில் மீட்டரைப் பார்த்து, அனுபவத்தில் ஒரு ஸ்டாப்பைக் கூட்டி, எடுத்துவிட்டுக் குனிந்து ஸ்கிரீனைப் பார்த்து, மறுபடி எடுப்போம். ஈவிஎஃப்பில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் டயலைத் திருப்பும்போதே முகம் வெளுத்துக்கொண்டு வருவது தெரிகிறது, போதும் என்ற இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். கருப்பு-வெள்ளையில் எடுக்க நினைத்தால் உலகமே கருப்பு-வெள்ளையாகத் தெரியும். சதுரமாக எடுத்தால் சதுரமாகவே தெரியும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை என்பது என் எண்ணம்.

"பெரும்பாலும்" என்று ஏன் சொன்னேன் என்றால், அது காட்டாத விஷயங்களும் உண்டு. மெதுவான ஷட்டரில் ஏற்படும் அசைவு மங்கல், ஃப்ளாஷ் வெளிச்சம் இரண்டையும் வழக்கமான முன்காட்சி காட்டாது. நிறமும் பிரகாசமும் ஏமாற்றும் விதத்தைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

23.6 லட்சம் புள்ளி, 57.6 லட்சம் புள்ளின்னு போடுறாங்களே, அது மெகாபிக்சல் மாதிரியா?

இல்லை, இங்கே ஒரு சின்ன விளம்பரக் கணக்கு இருக்கிறது. ஒரு பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனிப் புள்ளியாக எண்ணுகிறார்கள். மூன்றால் வகுத்தால்தான் பிக்சல். 23.6 லட்சம் என்பது 1024க்கு 768, 36.9 லட்சம் என்பது 1280க்கு 960, 57.6 லட்சம் என்பது 1600க்கு 1200. சோனி ஏ7எஸ் 3, ஏ1 போன்றவற்றில் உள்ள 94.4 லட்சம் என்பது 2048க்கு 1536.

ஆனால் திரையில் இத்தனை பிக்சல் இருக்கிறது என்பதற்காக அத்தனையையும் நிரப்பும் அளவுக்குத் தகவல் வந்து சேர்கிறது என்று அர்த்தமில்லை. நேரலைக் காட்சிக்காக சென்சாரை வேகமாகப் படிக்கும்போது பல கேமராக்கள் சில வரிகளைத் தாண்டிக்கொண்டுதான் படிக்கின்றன, அதனால் துணியின் நெசவு, கூரை ஓடு மாதிரி இடங்களில் படத்தில் இல்லாத அலைக்கோலங்கள் ஈவிஎஃப்பில் மின்னும். விநாடிக்கு 120, 240 என்று வேகத்தைக் கூட்டினால் கூர்மை குறையும் கேமராக்களும் நிறைய. 2021இல் வந்த நிக்கான் இசட்9 வெறும் 36.9 லட்சம் புள்ளிதான், இருந்தும் ஓடுவதைப் பின்தொடர அதில் பார்ப்பது சுகமாக இருக்கும். எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

என் பழைய டிஎஸ்எல்ஆர்ல 0.85எக்ஸ்னு போட்டிருக்கு, புது மிரர்லெஸ்ல 0.78எக்ஸ்தான். அப்போ சின்னதா தெரியுமா?

தலைகீழ். உருப்பெருக்கத்தை 50 மிமீ லென்ஸை மாட்டி அளப்பது வழக்கம். ஆனால் சின்ன சென்சாரில் 50 மிமீ என்பதே கொஞ்சம் டெலி, எனவே எண் ஊதிவிடும். ஃபிலிம் அளவை விடச் சின்ன சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமராவாக இருந்தால் 1.5ஆல் வகுக்க வேண்டும் (கேனனுக்கு 1.6), மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 2ஆல். உங்கள் 0.85 என்பது உண்மையில் 0.57தான். புது கேமரா ஃபுல் ஃபிரேம் (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார்) என்றால் 0.78 அப்படியே 0.78. ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்கள் படச் சட்டத்தின் (ஃபிரேமின்) 95 சதவீதத்தைத்தான் காட்டின என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஓரத்தில் யாருடைய கை நுழைந்தது என்று வீட்டில் வந்துதான் தெரியும். ஈவிஎஃப் காட்டுவது முழுச் சட்டம்.

சுரங்கத்துக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி இருந்த சின்ன டிஎஸ்எல்ஆர் வ்யூஃபைண்டரிலிருந்து மாறுகிறவர்கள் வாயைப் பிளப்பது இதனால்தான். பெரிய ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரிலிருந்து மாறுகிறவர்கள் அவ்வளவு அசர மாட்டார்கள்.

கண்ணாடி போட்டிருக்கேன். ஓரம் தெரியல.

உருப்பெருக்கம் கூடக் கூட இது அதிகமாகும். கண்ணுக்கும் வ்யூஃபைண்டர் கண்ணாடிக்கும் நடுவே எவ்வளவு தூரம் வரை முழுச் சட்டமும் தெரியும் என்பதை ஐபாயின்ட் என்று மில்லிமீட்டரில் சொல்வார்கள், கண்ணாடி போடுகிறவர்கள் 20க்கு மேல் பார்த்து வாங்குவது நல்லது. ஈவிஎஃப்பில் இன்னொரு வழியும் இருக்கிறது: சில கேமராக்களின் மெனுவில் காட்சியையே கொஞ்சம் சுருக்கிக் காட்டும் வசதி உண்டு. ஆப்டிகலில் அது முடியாது.

பேட்டரி அரை நாள்கூட வரலையே, ஈவிஎஃப்தான் குடிக்குதா?

திரை மட்டுமில்லை, அதற்குத் தீனி போட சென்சாரும் பிராசசரும் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் ஓடுகின்றன. சிபா என்ற ஜப்பானியக் கேமராத் தயாரிப்பாளர் சங்கத்தின் சோதனை முறைப்படி நிக்கான் டி850க்கு ஒரு சார்ஜில் 1,840 படம், கிட்டத்தட்ட அதே பேட்டரி போடும் இசட்7க்கு 330. வித்தியாசம் முழுக்க இந்த "எப்போதும் விழித்திருப்பது"தான். சோனி ஏ7 3இல் பின் திரையில் 710, வ்யூஃபைண்டரில் 610, ஆக கண்ணை வைத்துப் பார்ப்பதுதான் அங்கே கூடுதல் செலவு. பலர் நேர்மாறாக நினைக்கிறார்கள்.

ஆனால் அந்த எண்ணிக்கையைக் கண்டு பயப்பட வேண்டாம், சோதனையில் ஒவ்வொரு படத்துக்கும் நடுவே இடைவெளி விட்டு எடுப்பார்கள். தொடர்ச்சியாகத் தட்டினால் பல மடங்கு வரும். செலவு படத்துக்கு இல்லை, நேரத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டில் பறவை வந்து உட்காரும் என்று இரண்டு மணி நேரம் கண்ணை வைத்துக் காத்திருக்கும் ஆளுக்குத்தான் உண்மையான நஷ்டம், அந்த விஷயத்தில் ஆப்டிகலுக்கு ஈடு இல்லை. மற்றவர்கள் இரண்டாவது பேட்டரியைப் பையில் போட்டுக்கொண்டு, மின்சேமிப்பு நேரத்தைக் குறைத்து வைத்தால் சமாளிக்கலாம்.

அப்புறம் இன்னொன்று: கேமரா கழுத்தில் தொங்கும்போது கண் இருப்பதைக் கண்டுபிடிக்கும் சென்சார் உங்கள் சட்டையைக் கண் என்று நினைத்துக்கொண்டு ஈவிஎஃப்பை எரியவிட்டுக்கொண்டே இருக்கும். நடக்கும்போது அணைத்துவிடுங்கள். பின் திரையை வெளியே இழுத்து இடுப்பு உயரத்தில் எடுக்கும்போது திரை திடீரென்று கருப்பாவதும் இதே சென்சாரின் வேலைதான், ரிப்பேர் இல்லை.

பறவை, கால்பந்து எல்லாம் எடுக்க முடியாது, லேக் இருக்குங்கிறாங்க. இன்னமும் இருக்கா?

இருக்கிறது, ஆனால் இரண்டு வேறு குறைகளை ஒரே பேரில் திட்டுகிறார்கள், பிரித்துப் பார்ப்போம். முதலாவது தாமதம். படித்து, பிராசஸ் செய்து, திரையில் போடுவதற்குள் நேரம் போகிறது. விநாடிக்கு 60 சட்டம் (ஃபிரேம்) என்றால் ஒரு சட்டம் மட்டுமே 16.7 மில்லிவிநாடி, 120 என்றால் 8.3. விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பறக்கும் பறவை 16.7 மில்லிவிநாடியில் 33 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். பழைய கேமராக்களில் இப்படிப் பல சட்டங்கள் சேர்ந்து நீங்கள் பார்ப்பது பழைய கதையாக இருந்தது. இன்றைய நல்ல கேமராக்களில் அது நம் கையின் எதிர்வினை நேரத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, அதோடு டிஎஸ்எல்ஆரிலும் கண்ணாடி மேலே போகச் சில பத்து மில்லிவிநாடி ஆகும் என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டாவதுதான் உண்மையான எதிரி: தொடர்ச்சியாக எடுக்கும்போது காட்சி விட்டுவிட்டு வருவது. மெக்கானிக்கல் ஷட்டர் மூடும்போது சென்சாரால் நேரலை அனுப்ப முடியாது, அதனால் சில கேமராக்கள் கருப்பைக் காட்டும், சில சற்றுமுன் எடுத்த படத்தை நிறுத்திக் காட்டும். ஸ்லைடு ஷோ பார்த்துக்கொண்டே பந்தைத் துரத்துவது மாதிரி ஆகிவிடும், பறவை திரும்பியிருக்கும், நீங்கள் பழைய திசையில் போய்க்கொண்டிருப்பீர்கள். டிஎஸ்எல்ஆரிலும் கண்ணாடி எழும்போது இருட்டு வரும், ஆனால் நடுநடுவே தெரிகிற துண்டு நிஜமான "இப்போது".

இதற்குத் தீர்வு ஸ்டாக்டு சென்சார், அதாவது மின்சுற்றுகளை அடுக்கடுக்காக வைத்த சென்சார். படிக்கும் வேகம் அதில் பல மடங்கு என்பதால் 2017இல் வந்த சோனி ஏ9 விநாடிக்கு 20 படம் எடுத்துக்கொண்டே இருட்டு இல்லாத காட்சியைக் காட்டியது. இசட்9இல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. எனவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "ஈவிஎஃப்பில் விளையாட்டு எடுக்கலாமா" என்பதற்குப் பதில் "இந்தக் கேமராவின் சென்சார் எவ்வளவு வேகம்" என்று. நடுத்தர மாடல்களில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, எடுத்த படத்துக்குப் பதில் நேரலையைக் காட்டும் மெதுவான தொடர் முறையில் வைத்துப் பாருங்கள், பின்தொடர்வது சுலபமாகும்.

இருட்டுல எது நல்லா தெரியும்?

எவ்வளவு இருட்டு என்பதைப் பொறுத்தது. அரைகுறை வெளிச்சத்தில் ஈவிஎஃப் காட்சியைப் பெருக்கிப் பிரகாசமாகக் காட்டும், கண்ணுக்குத் தெரியாததுகூடத் தெரியும். இன்னும் இருட்டினால் ஒவ்வொரு சட்டத்துக்கும் கேமராவுக்கு அதிக நேரம் வேண்டும், எனவே காட்சி வெட்டிவெட்டி நகரும், பொரிபொரியாக இரைச்சல் வரும். ஆப்டிகலில் அதே இடத்தில் ஒன்றும் தெரியாது, ஆனால் தெரியாததை நேர்மையாகத் தெரியாமல் காட்டும்.

நட்சத்திரம் எடுக்கிறவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும், பளீரென்ற ஈவிஎஃப்பை ஒரு தடவை பார்த்தால் அந்தப் பழக்கம் போச்சு. பிரகாசத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துவிட்டு ஒரு கண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். ஆனால் ஃபோகஸ் செய்ய ஈவிஎஃப்தான் சொர்க்கம்: பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது மிகச் சின்னப் புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்பினால் முடிந்தது.

ஸ்டுடியோல ஃப்ளாஷ் போட்டு எடுக்கிறேன், வ்யூஃபைண்டர் கும்மிருட்டா இருக்கு. கேமரா போச்சா?

போகவில்லை. ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 1/160 என்று வைத்திருப்பீர்கள். ஃப்ளாஷ் அடிக்கப்போவது கேமராவின் முன்காட்சிக்குத் தெரியாது, அறை வெளிச்சத்தில் அந்தக் கணக்குப்படி படம் கருப்பாகத்தான் வரும், அதை உண்மையாகவே காட்டுகிறது. மெனுவில் எக்ஸ்போஷர் சிமுலேஷன், செட்டிங் எஃபெக்ட், லைவ் வியூ முன்காட்சி என்று கம்பெனிக்கு ஒரு பேரில் ஒரு அமைப்பு இருக்கும். அதை அணைத்தால் எப்போதும் பிரகாசமாகத் தெரியும். ஒரு பட்டனில் அதைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளாஷை எடுத்த பிறகு மறுபடி இயக்க மறந்துவிட்டு, "ஈவிஎஃப்பில் பார்த்தது ஒன்று வந்தது ஒன்று" என்று என்னிடம் வந்தவர்கள் கணிசம்.

எல்இடி லைட்டுக்குக் கீழே கோடுகோடா ஓடுது?

விளக்கு வேகமாக அணைந்து அணைந்து எரிகிறது, சென்சார் மேலிருந்து கீழே வரிவரியாகப் படிக்கிறது, அதனால் சில வரிகள் இருட்டு நேரத்தில் மாட்டுகின்றன. கண்ணுக்கும் ஆப்டிகலுக்கும் இது தெரியாது. இது ஒரு விதத்தில் நல்ல எச்சரிக்கை: எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்திலும் கோடு விழ வாய்ப்பு அதிகம். ஷட்டர் வேகத்தைக் குறையுங்கள், அல்லது மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள், ஃப்ளிக்கர் குறைப்பு வசதி இருந்தால் போடுங்கள்.

பழைய மேனுவல் லென்ஸ் நாலைஞ்சு இருக்கு. ஈவிஎஃப்ல ஃபோகஸ் பண்ண முடியுமா?

அந்த லென்ஸ்களுக்கு மறுவாழ்வு கொடுத்ததே ஈவிஎஃப்தான். ஆட்டோஃபோகஸ் டிஎஸ்எல்ஆர்களின் ஃபோகசிங் ஸ்கிரீன் மேனுவலுக்காகச் செய்யப்பட்டது இல்லை. ஈவிஎஃப்பில் ஓர் இடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், ஃபோகஸ் பீக்கிங் போட்டால் கூர்மையான ஓரங்களில் நிறக்கோடு மின்னும், அபெர்ச்சரை மூடினாலும் காட்சி இருட்டாகாது. இதே காரணத்தால்தான் 2020இல் கேனன் எஃப்/11 அபெர்ச்சரில் 600, 800 மிமீ லென்ஸ்களைத் துணிந்து விட முடிந்தது. ஆப்டிகலில் எஃப்/11 வழியாகப் பார்ப்பது அந்தி நேரத்தில் நிற்பது மாதிரி இருக்கும்.

பீக்கிங்கை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். கான்ட்ராஸ்ட் உள்ள இடத்தைத்தான் அது காட்டுகிறது, எஃப்/1.4இல் கண்ணிமை, புருவம், மூக்கு நுனி மூன்றும் ஒரே நேரத்தில் சிவப்பாக மின்னும். முகத்துக்குப் பெரிதாக்கிப் பார்ப்பதே வழி.

அதே 50 எஃப்/1.4 லென்ஸ்தான், அடாப்டர் போட்டு மிரர்லெஸ்ல பார்த்தா பின்னணி ரொம்ப மங்கலாத் தெரியுது. எப்படி?

கவனித்தீர்களே, சபாஷ். லென்ஸ் மாறவில்லை, இவ்வளவு நாள் டிஎஸ்எல்ஆர்தான் உங்களை ஏமாற்றியது. காட்சி பிரகாசமாகத் தெரிய வேண்டும் என்று வடிவமைக்கப்பட்ட நவீன ஃபோகசிங் ஸ்கிரீன், லென்ஸின் ஓரத்திலிருந்து சாய்வாக வரும் ஒளியைக் கண்ணுக்கு அனுப்புவதில்லை, எனவே சுமார் எஃப்/2.8க்கு மேல் எவ்வளவு திறந்தாலும் எஃப்/2.8இன் மங்கலைத்தான் காட்டும். படத்தில் வந்தது எஃப்/1.4. ஆப்டிகல்தான் உண்மை, ஈவிஎஃப் பொய் என்று வாதிடுகிறவர்களிடம் நான் முதலில் எடுத்துவிடுவது இதைத்தான்.

ஆனால் எல்லா ஈவிஎஃப்பும் நீங்கள் வைத்த அபெர்ச்சரில்தான் காட்டும் என்றும் இல்லை. சில கேமராக்கள் திறந்தபடியே காட்டிவிட்டு எடுக்கும்போது மட்டும் மூடும். முன்காட்சி பட்டனை அழுத்தி ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

வ்யூஃபைண்டர்ல பிரமாதமா இருந்தது, கம்ப்யூட்டர்ல பார்த்தா இருட்டா இருக்கு. எதை நம்புறது?

கண்ணை நம்பாதீர்கள், ஹிஸ்டோகிராமை நம்புங்கள் (படத்தில் இருட்டு, வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் வரைபடம் அது). இருண்ட மேடை நிகழ்ச்சியில் உங்கள் கண் இருட்டுக்குப் பழகியிருக்கும், அப்போது ஈவிஎஃப் திரை பளிச்சென்று தெரியும், படம் நன்றாக வருகிறது என்று நினைத்து எக்ஸ்போஷரைக் குறைத்துவிடுவோம். நல்ல வெயிலில் நேர்மாறு: கண் சுருங்கியிருக்கும், திரை மங்கலாகத் தெரியும், தேவையில்லாமல் கூட்டி வெள்ளையை எரித்துவிடுவோம். திரையின் பிரகாசத்தை ஆட்டோவிலிருந்து எடுத்து ஒரே அளவில் வைப்பது ஓரளவுக்கு உதவும்.

அந்த ஹிஸ்டோகிராம் ராவுக்கானதா, ஜேபெக்குக்கானதா?

ஜேபெக்குக்கு, அதாவது கேமரா சமைத்துக் கொடுக்கும் படத்துக்கு; ரா என்பது சமைக்காத சென்சார் தகவல். முதல் கேள்வியில் சொன்னது இங்கே வந்து நிற்கிறது: கேமரா சமைத்த காட்சியிலிருந்துதான் அந்த வரைபடமும் வருகிறது. கான்ட்ராஸ்ட் தூக்கலான பிக்சர் ஸ்டைல் வைத்திருந்தால் மேகம் எரிந்துவிட்டதாக ஹிஸ்டோகிராமும் ஜீப்ராவும் (எரிந்த இடத்தில் ஓடும் வரிக்கோடுகள்) அலறும், ராவில் இன்னும் இடம் இருக்கும். ரா மட்டும் எடுக்கிறவர்கள் ஃப்ளாட் அல்லது நியூட்ரல் ஸ்டைலில் வைத்தால் காட்சி சப்பென்று இருக்கும், தகவல் உண்மைக்குப் பக்கத்தில் வரும். எனக்குச் சப்பென்று பார்த்து எடுக்கப் பிடிக்காது, அதனால் சாதாரண ஸ்டைலில் வைத்துக்கொண்டு, ஜீப்ரா வர ஆரம்பித்த பிறகு என் கேமராவில் எவ்வளவு இடம் மிச்சம் என்று சோதித்துப் பழகிக்கொண்டேன்.

சூரியனை ஈவிஎஃப்ல பார்த்தா கண்ணுக்கு ஆபத்தில்லையே?

கண்ணுக்கு இல்லை, அது வெறும் திரை. ஆப்டிகலில் டெலி லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்ப்பது விழித்திரையைச் சுட்டுவிடும், அது விளையாட்டில்லை. ஆனால் ஈவிஎஃப்பில் உங்கள் கண்ணுக்குப் பதில் சென்சாரும் ஷட்டரும் அந்தச் சூட்டைத் தாங்குகின்றன. கிரகணம் மாதிரி நேரத்தில் லென்ஸுக்கு முன்னால் சூரிய ஃபில்டர் கட்டாயம்.

இதைவிட அடிக்கடி நடக்கும் விபத்து பின்பக்கத்திலிருந்து வருவது. வ்யூஃபைண்டர் லென்ஸ் ஒரு பூதக்கண்ணாடி, பூதக்கண்ணாடியை வெயிலில் காட்டினால் என்ன ஆகும்? கேமராவை டிரைபாடில் விட்டுவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தேன், திரும்பி வந்தபோது ஈவிஎஃப் நடுவே பழுப்பாக ஒரு தழும்பு. படத்தில் வராது, ஆனால் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் என் சோம்பேறித்தனத்தை நினைவுபடுத்தும். துணியைப் போட்டாவது மூடி வையுங்கள்.

கூலிங் கிளாஸ் போட்டா ஒண்ணுமே தெரியல?

போலரைஸ்டு கண்ணாடியாக இருக்கும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் தெரியும், படுக்கையாக வைத்தால் இருட்டும், அல்லது நேர்மாறாக. கழற்றிவிட்டுப் பார்ப்பதுதான் வழி.

ஒரு மணி நேரம் பார்த்தா தலை வலிக்குது. எனக்கு மட்டுமா?

உங்களுக்கு மட்டுமில்லை, ஆனால் எல்லாருக்கும் இல்லை. முதலில் டையாப்டரைப் பாருங்கள், கேமராவைக் கொடுத்து வாங்கியதில் யாராவது திருப்பியிருப்பார்கள். படத்தைப் பார்த்துச் சரிசெய்யாதீர்கள், திரையில் உள்ள எழுத்துகளைப் பார்த்துத் திருப்புங்கள். அடுத்து பிரகாசத்தைக் குறையுங்கள், புதுப்பிப்பு வேகத்தை 120க்கு ஏற்றுங்கள், பேட்டரி கொஞ்சம் போனால் போகட்டும். கேமராவை வேகமாக ஆட்டிக்கொண்டே பார்ப்பதுதான் பலருக்குக் குமட்டலைக் கொடுக்கிறது, இன்னொரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டால் அது தணியும். இத்தனைக்குப் பிறகும் வலித்தால் அந்த மாடல் உங்கள் கண்ணுக்கு ஒத்துவரவில்லை, வற்புறுத்தாதீர்கள்.

ரெண்டும் சேர்ந்த கேமரா கிடையாதா?

உண்டு. 2011இல் ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100, அடுத்த வருடம் எக்ஸ்-ப்ரோ1. ஒரு நெம்புகோலைத் தட்டினால் ஆப்டிகலிலிருந்து எலெக்ட்ரானிக்குக்கு மாறும். ஆனால் அந்த ஆப்டிகல் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, பக்கத்தில் உள்ள தனி ஜன்னல். கிட்டத்தில் எடுக்கும்போது இடம் விலகும், பெரிய லென்ஸ் போட்டால் அதன் மூக்கே காட்சியின் ஒரு மூலையை மறைக்கும். தெருவில் அகலமான லென்ஸோடு நடப்பவர்களுக்கு அருமை, பறவைக்கு உதவாது. கேனனின் சில மாடல்களில் ஆப்டிகல் மாதிரி காட்டும் ஒரு முறை இருக்கிறது, நிழலும் வெளிச்சமும் மென்மையாகத் தெரியும், ஆனால் அதைப் போட்டால் எக்ஸ்போஷர் முன்காட்சி போய்விடும். என்னைக் கேட்டால், எதற்காக மாறினோமோ அதையே கழற்றி வைப்பது.

சரி, கடைசியா ஒண்ணு: டிஎஸ்எல்ஆரை வித்துட்டு மாறலாமா?

நிலக்காட்சி, ஆள்படம், வீடியோ, மேனுவல் லென்ஸ், கற்றுக்கொள்ளும் ஆர்வம் என்றால் தாராளமாக. நாள் முழுக்கக் கண்ணை வைத்துக் காத்திருக்கும் காட்டுயிர்ப் படம்தான் உங்கள் உயிர், ஸ்டாக்டு சென்சார் வாங்கும் வசதியும் இல்லை என்றால் அவசரமே இல்லை, உங்கள் டிஎஸ்எல்ஆர் நேற்று எடுத்த அதே நல்ல படத்தை நாளையும் எடுக்கும்.

வாங்குவதற்கு முன் யாரிடமாவது கேமராவை வாங்கிப் பாருங்கள். உள்ளே பார்த்துக்கொண்டே வேகமாக இடவலம் திருப்புங்கள், லென்ஸ் முன்னால் கையை ஆட்டுங்கள், அறையின் இருட்டு மூலையைப் பாருங்கள், விளக்கைப் பாருங்கள், தொடர்ச்சியாக முப்பது படம் தட்டுங்கள், கண்ணாடி போடுகிறவர் என்றால் போட்டுக்கொண்டே. கண்ணை எடுக்காமல் பத்து நிமிடம். தலை வலித்தால் மேலே அந்தக் கேள்விக்குத் திரும்பிப் போங்கள்.